நூலை எண்ணிவிட்டுப் பூச்சை மறக்கிறோம்: உருமறைப்பு நைலான் துணி வாங்கும் விதம்

நான்கைந்து மழைக்காலம் பார்த்த முதுகுப்பை ஒன்றைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பாருங்கள். வெளியே ஆர்மி பிரிண்ட் சற்று வெளுத்திருக்கும், அவ்வளவுதான். ஒரு நூல்கூட அறுந்திருக்காது. உள்பக்கமோ விரலில் பிசுபிசுவென்று ஒட்டும். புளித்த வாடை அடிக்கும். நகத்தால் கீறினால் பூச்சு மெல்லிய தோல்போல உரிந்து வரும். பையை வாங்கியவர் துணி மட்டம் என்று சொல்லித் தூக்கி எறிவார். உண்மையில் அந்தத் துணி இன்னும் பத்து வருடம் உழைத்திருக்கும். அதன் முதுகில் தடவிய பாலியூரித்தேன் (பி.யூ.) பூச்சுதான் நம் ஊர் ஈரக்காற்றில் செத்துப்போயிருக்கிறது.

மலையேற்றப் பை, இடுப்புப் பட்டைப் பவுச், கேமரா உறை, காவலர்களுக்கான கருவிப்பை என்று உருமறைப்பு அச்சிட்ட கோட்டிங் நைலானில் தைப்பவர்கள் துணி கேட்கும்போது முதலில் கேட்பது நூலின் கனத்தைச் சொல்லும் டெனியரை. ‘ஆயிரம் டெனியர் இருக்கா?’ என்பதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. குளிர்நாட்டுக்காரருக்கு அது போதலாம். சென்னையிலோ கொச்சியிலோ கொழும்பிலோ பயன்படப்போகும் பைக்கு அது பாதி விசாரணைகூட இல்லை. முதலில் சாவது பூச்சு. அதைப்பற்றிக் கேட்பவர்தான் குறைவு.

ஆனாலும் டெனியரிலிருந்தே தொடங்குவோம், ஏனென்றால் அதில்தான் பொய் அதிகம். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுவே டெனியர். அப்படியானால் 1000 டெனியர் நூலில் 9 மீட்டர் சரியாக 1 கிராம் இருக்க வேண்டும். 500 டெனியர் என்றால் அரை கிராம். இதைக் கடையிலேயே சோதிக்கலாம். 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு போதும். பாவிலிருந்து, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலிலிருந்து, பத்து இழைகளை உருவுங்கள். நெசவில் ஏறி இறங்கிய சுருக்கம் போகும்வரை மட்டும் நிமிர்த்துங்கள். இழுத்து நீட்டிவிடக் கூடாது. ஒவ்வொன்றையும் 90 செ.மீ. அளவில் வெட்டிப் பத்தையும் சேர்த்து எடைபோடுங்கள். கிராமை ஆயிரத்தால் பெருக்கினால் டெனியர். குறுக்கே ஓடும் ஊடையிலும் இதேபோல் பத்து இழை எடுத்துப் பாருங்கள். பாவில் நல்ல நூலும் ஊடையில் மெலிந்த நூலும் போட்ட துணி உண்டு.

இதில் ஒரு இடைஞ்சல்: பூச்சு தடவிய துணியில் இழை லேசில் வராது, வந்தாலும் பூச்சு ஒட்டிக்கொண்டு வந்து எடையைக் கூட்டிக் காட்டும். ஆகவே பூச்சுக்கு முந்தைய கிரே துணியில் ஒரு துண்டு கேளுங்கள். தறியோடு நேரடித் தொடர்புள்ள வியாபாரி கொடுப்பார். கொடுக்க முடியாதவர் அந்தத் துணியை இன்னொருவரிடம் வாங்கி விற்பவர். அது குற்றமில்லை, ஆனால் நீங்கள் கேட்கப்போகும் மற்றக் கேள்விகளுக்கும் அவரிடம் பதில் இருக்காது.

1680 டெனியர் என்று வருவதும் இப்படித்தான். அது பெரும்பாலும் 840 டெனியர் இழை இரண்டைச் சேர்த்து எண்ணியது. பல சமயம் நைலானாகவும் இருக்காது, பாலியெஸ்டராக இருக்கும். இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் தற்காப்பு அங்கிக்காக உருவான பாலிஸ்டிக் நைலானின் பெயரை இந்தத் துணிக்கும் வைத்துவிடுகிறார்கள்.

எடையை மட்டும் வைத்தும் ஏமாறலாம். 10 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டு வெட்டி எடைபோட்டு நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது, வரும். பி.யூ. பூசிய 1000 டெனியர் நைலான் ஏறத்தாழ 350 முதல் 400 ஜிஎஸ்எம், 500 டெனியர் 250 முதல் 290 இருக்கும். 600 டெனியர் பாலியெஸ்டரில் கனமாகப் பி.வி.சி. அப்பினாலும் அதே 400 காட்டும். எடை நூலில் இருக்கிறதா பிளாஸ்டிக்கில் இருக்கிறதா என்பதே கேள்வி. என் கருத்தைக் கேட்டால், பவுச்சுகளுக்கும் பையின் பக்கங்களுக்கும் 500 டெனியர் தாராளம். தரையில் உரசும் அடிப்பாகத்துக்கும் தோள்பட்டை தைக்கும் இடத்துக்கும் மட்டும் 1000 போடுங்கள். அமெரிக்க ராணுவத்தின் மில்-டிடிஎல்-32439 வரையறையிலேயே 1000 டெனியரோடு 500 டெனியருக்கும் இடம் உண்டு. முழுப்பையும் ஆயிரத்தில் தைத்தால் மூலைகள் மடங்காது, நான்கு அடுக்கு சேரும் இடத்தில் ஊசி முறியும், நனைந்தால் பை கனக்கும்.

அடுத்து, அது நைலான்தானா? ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்து இடுக்கியில் பிடித்துத் தீயருகே கொண்டுபோங்கள். நைலான் சுருங்கி உருகும். புகை மெலிதாக வெண்மையாக இருக்கும். உருகிய மணி வெளிர் பழுப்பாக இறுகும். பாலியெஸ்டர் கரும்புகை விடும், இனிப்பான நெடி வரும், மணி கறுத்துக் கெட்டியாகும். பூச்சில்லாத நூலில்தான் இதைச் செய்ய வேண்டும். பி.வி.சி. எரிந்தால் நச்சுப்புகை வரும். ஆய்வகத்தில் கேட்டால் ஃபார்மிக் அமிலத்தில் போட்டுச் சொல்லிவிடுவார்கள்: 85 சதவீதக் கரைசலில் நைலான் கரையும், பாலியெஸ்டர் கரையாது.

நைலானிலும் ‘நைலான் 6’, ‘நைலான் 6,6’ என இரண்டு வகை. நைலான் 6 சுமார் 220 டிகிரி செல்சியஸில் உருகும். நைலான் 6,6 சுமார் 260 டிகிரியில்தான் உருகும். வேகத் தையலில் ஊசி சூடேறுவது, கயிறு உரசிச் சூடாவது போன்ற இடங்களில் இந்த நாற்பது டிகிரி தெரியும். இந்தியாவில் கிடைப்பதில் பெரும்பகுதி நைலான் 6. அது மோசமான நூல் இல்லை. பைக்கு நன்றாகவே உழைக்கும். 6,6 என்று சொல்லி அதற்கான விலையை வாங்கிக்கொண்டு 6 கொடுப்பதுதான் தவறு. 4.4 நார்மல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 6 கரையும், 6,6 கரையாது. எந்த ஜவுளி ஆய்வகமும் செய்யும் எளிய சோதனை இது.

கார்டுரா என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அது இன்விஸ்டா நிறுவனத்தின் வணிகப்பெயர். தடித்த நைலானுக்கெல்லாம் பொதுப்பெயர் இல்லை. அந்த வகையின் மூலத்துணி, காற்றைப் பீச்சி இழைகளைக் கலைத்துவிட்ட நைலான் 6,6 நூலில் நெய்தது. கலைத்த நூலின் மேல் குட்டிக்குட்டி வளையங்கள் நிற்கும். துணி பருத்திக் கான்வாஸ் போலத் தொடுகைக்குச் சொரசொரப்பாக, பளபளப்பில்லாமல் இருக்கும். உருமறைப்புக்கு இந்த மங்கல்தான் உயிர். கலைக்காத தட்டை நூலில் எவ்வளவு அழகாக அச்சிட்டாலும் வெயிலில் பக்கவாட்டில் பார்த்தால் மினுங்கும். அந்த மினுக்கம் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுக்கும். கார்டுரா என்று யாராவது விற்றால் அங்கீகரித்த ஆலையின் சான்றும் லேபிளும் கேளுங்கள்.

இனி பூச்சு. பையின் ஆயுளை முடிவுசெய்வது இதுதான்.

பி.யூ. என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் குறைந்தது மூன்று வேறு பொருள்கள் இருக்கின்றன. பாலியெஸ்டர் வகைப் பி.யூ. விலை குறைவு, துணியில் நன்றாக ஒட்டும், சந்தையில் அதிகம் கிடைப்பதும் அதுதான். அதன் மூலக்கூறில் உள்ள எஸ்டர் பிணைப்புகளை நீராவி அறுக்கிறது. அறும்போது அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் அடுத்த பிணைப்பை இன்னும் வேகமாக அறுக்கிறது. ஆகவே முதல் இரண்டு வருடம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு, பிறகு ஒரே மழைக்காலத்தில் மொத்தமும் பசையாகிவிடும். பெட்டிக்குள் பூட்டிவைத்த புதுப்பைகூட இப்படித்தான் கெடுகிறது. பயன்படுத்தித்தான் கெட வேண்டும் என்றில்லை. பாலிஈதர் வகைப் பி.யூ.வில் அந்த எஸ்டர் பிணைப்பு இல்லை, அதனால் ஈரம் தாங்கும். வெயில் அதற்குச் சற்று ஆகாது. ஆனால் பையின் உள்பக்கத்துக்கு வெயில் எங்கே வரப்போகிறது? பாலிகார்பனேட் வகை இரண்டையும் தாங்கும், விலையும் அதற்கேற்ப ஏறும். நம் கடற்கரை ஊர்களுக்குப் பாலிஈதருக்குக் குறைந்து எதையும் வாங்காதீர்கள். விற்பவரிடம் ‘பி.யூ.வா?’ என்று கேட்காமல் ‘எஸ்டரா, ஈதரா?’ என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் பூச்சுப் போட்ட ஆலையிடம் எழுதி வாங்கித் தரச் சொல்லுங்கள்.

வாய்வார்த்தையை நம்பாமல் சோதிக்கவும் வழி உண்டு. அகன்ற வாயுள்ள கண்ணாடி ஜாடியில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றுங்கள். துணித்துண்டைத் தண்ணீரில் படாமல் அதற்கு மேலே தொங்கவிட்டு மூடுங்கள். சாயப்பட்டறையிலோ ஆய்வகத்திலோ உள்ள ஓவனில் 70 டிகிரியில் வையுங்கள். ஒரு வாரம் கழித்து ஒரு துண்டு, மூன்று வாரம் கழித்து இன்னொரு துண்டு எடுங்கள். ஒரு நாள் நிழலில் உலர்த்தி, பூச்சுப்பக்கம் பூச்சுப்பக்கத்தோடு படும்படி மடித்து மேலே ஒரு கிலோ எடைக்கல்லை இரவு முழுக்க வையுங்கள். காலையில் பிரிக்கும்போது சர்ரென்று ஒட்டிப் பிரிந்தால், அல்லது ஒரு பக்கத்துப் பூச்சு மறுபக்கத்துக்குப் போயிருந்தால், அந்த லாட்டைத் தொடாதீர்கள். சோதிக்காத துண்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். வித்தியாசம் கையிலேயே தெரியும். ஆய்வகங்களில் இதே காரியத்தை 70 டிகிரி, 95 சதவீத ஈரப்பதம் என்று அளவோடு செய்கிறார்கள். ‘ஜங்கிள் டெஸ்ட்’ என்பது அதன் வழக்குப் பெயர்.

பூச்சின் ஒட்டுதலைப் பார்க்க பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக ஆறாறு மெல்லிய கோடு கீறி, செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் ஒட்டுதல் போதாது. வெளிப்பக்க நீர்விலக்கு மருந்தைத் துணி முழுக்க ஊறவிட்டுவிட்டுப் பிறகு பூச்சுப் போட்டால் பெரும்பாலும் இந்தக் கோளாறு வரும். தண்ணீரைத் தள்ளும் மருந்து பூச்சையும் தள்ளிவிடுகிறது.

கனமான பூச்சு என்றால் உறுதி என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நேர்மாறானது உண்மை. துணி கிழியும்போது இழைகள் நகர்ந்து ஒன்றுசேர்ந்து கூட்டாகத் தாங்கும். பூச்சு இழைகளைப் பூட்டிவிட்டால் ஒவ்வொன்றாக அறும். ஆகவே பூச்சு கூடக்கூடக் கிழிதல் வலு குறையும். சதுர மீட்டருக்கு 25 கிராம் அளவுப் பூச்சு பவுச்சுகளுக்குப் போதும். மழைப்பைக்கு 50 கிராம். நீரழுத்தச் சோதனையில் 1500 மி.மீ. உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கினால் பைக்குப் போதுமானது. 5000 என்ற எண்ணுக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். தண்ணீர் எப்படியும் ஊசித்துளை வழியாகவும் ஜிப் வழியாகவும்தான் வரப்போகிறது.

சிலிக்கான் பூச்சு கிழிதல் வலுவைக் கூட்டும், ஈரத்தையும் தாங்கும். ஆனால் தையல் டேப் அதில் ஒட்டாது, மெஷினில் வழுக்கும். பி.வி.சி. விலை மலிவு, கனம் அதிகம், குளிரில் விறைத்து வெடிக்கும். அக்ரிலிக் நூலைப் பிசிறாமல் பிடிக்கும், அவ்வளவே.

அச்சுக்கு வருவோம். நைலானில் நிலையான அச்சு என்பது அமிலச் சாயத்தில் ரோட்டரி ஸ்கிரீன் என்ற சுழலும் உருளைச் சல்லடையில் அடித்து, ஆவியில் நிலைப்படுத்தி, கழுவி எடுப்பது. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்கிரீன் என்பதால் சொந்த வடிவம் கேட்டால் ஆலை ஆயிரம் மீட்டருக்குக் குறைந்து பேசாது. ஐம்பது மீட்டர் கேட்டாலும் விரும்பிய வடிவத்தில் அடித்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது அநேகமாகச் சப்ளிமேஷன் அச்சு, அதாவது தாளில் அடித்த சாயத்தைச் சூட்டில் ஆவியாக்கித் துணிக்கு மாற்றுவது. அது பாலியெஸ்டருக்கு உரிய முறை. நைலானில் செய்தால் சாயம் நிற்காது. ஆக, துணி பாலியெஸ்டராக இருக்கும், அல்லது அச்சு ஓடிப்போகும். ஈர வெள்ளைப் பருத்தித் துணியால் பத்துமுறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பச்சை ஏறினால் கதை முடிந்தது.

உருமறைப்பு என்ற பெயருக்குத் தகுதி இருக்கிறதா என்பது பகலில் தெரியாது. பச்சையிலை அகச்சிவப்பு ஒளியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். இருட்டில் பார்க்க உதவும் இரவுக் கருவி வழியாகப் பார்த்தால் புதர் வெளிறித் தெரியும். துணியிலுள்ள பச்சை, பழுப்பு, கறுப்பு ஒவ்வொன்றும் அந்த ஒளியில் வெவ்வேறு அளவில் திரும்பினால்தான் வடிவம் உடைந்து சூழலோடு கலக்கும். சாதாரணச் சாயத்தில் எல்லா நிறமும் ஒரேபோல் வெளிறிப் போய், ஆள் உருவம் வெள்ளைக் கட்டையாகத் தெரியும். சாயத்தில் கரித்தூள் போன்ற நிறமிகளை அளவோடு சேர்ப்பது இதைச் சரிசெய்யத்தான்.

இதைப் பார்க்க வீட்டு சிசிடிவி கேமரா போதும். அறையை இருட்டாக்கிக் கேமராவை நைட் மோடுக்குக் கொண்டுவாருங்கள். துணித்துண்டையும் அப்போதுதான் ஒடித்த வேப்பங்கொத்தையும் அடுத்தடுத்து வையுங்கள். வேப்பிலை பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். துணியில் திட்டுகள் வெளிர், நடுத்தரம், கருமை என்று பிரிந்து தெரிந்தால் நல்ல அறிகுறி. கறுப்புத் திட்டு உட்பட எல்லாம் ஒரே வெண்மையாகிவிட்டால் அது பார்வைக்கு மட்டும் ஆர்மி பிரிண்ட். பையில் தைக்கும் பெல்ட் நாடா, வெல்க்ரோ, நூல்கண்டு, ஜிப் நாடா எல்லாவற்றையும் அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். துணி தேறி நாடா தோற்பது சாதாரணம். ஒரு அங்குல நாடாக்கள் வரிசையாகத் தைத்த பையில், நாடா மட்டும் வெள்ளைக் கோடுகளாக மின்னினால் ஏணி தூக்கிக்கொண்டு நடப்பதுபோல இருக்கும். இந்தக் கேமராச் சோதனை கழிக்கத்தான் உதவும். அரசு டெண்டருக்கு, ஒளி திரும்பும் அளவை எண்ணாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் கருவியின் அறிக்கை தேவை. சலவைத்தூளில் துணியை வெள்ளையாக்கும் பொருள் இருக்கும். அதில் ஒருமுறை துவைத்தாலே புறஊதா ஒளியில் துணி மின்னத் தொடங்கும் என்பதைப் பையோடு தரும் சீட்டில் எழுதிவிடுங்கள்.

எந்த வடிவத்தை அச்சிடலாம் என்பதில் சட்டம் இருக்கிறது. இந்திய ராணுவம் 2022 ஜனவரி 15 அன்று அறிமுகப்படுத்திய புதிய களச்சீருடையின் வடிவமும் உருமறைப்பும் ராணுவத்தின் பெயரில் பதிவானவை. அதை அனுமதியின்றி அடிக்கும் துணியை வாங்காதீர்கள், மலிவாக வந்தாலும். மல்டிகேம் என்ற உருமறைப்பு வடிவம் அமெரிக்காவின் க்ரை பிரிசிஷன் நிறுவனத்துக்குச் சொந்தமானது. உரிமம் பெற்ற ஆலைதான் அடிக்க முடியும். தொந்தரவில்லாதது 1981-இல் அமெரிக்கா கொண்டுவந்த பழைய உட்லேண்ட் போன்ற பொதுவடிவங்கள், அல்லது ஒரே நிறமான கொயோட்டி பழுப்பும் ஆலிவும். ஒற்றை நிறத்தில் ஷேடு சிக்கலும் குறைவு.

அமெரிக்க ராணுவத்துக்கே விற்கும் கனவோடு சிலர் கேட்கிறார்கள். 1941-இல் தொடங்கிய பெர்ரி திருத்தச் சட்டப்படி அங்கே ராணுவம் வாங்கும் ஜவுளி நூல் முதல் தையல் வரை அமெரிக்காவிலேயே ஆகியிருக்க வேண்டும். அந்தக் கதவு மூடியது. மற்ற ஏற்றுமதிக்கு நீர்விலக்கு மருந்தைக் கவனியுங்கள். நீர்விலக்கிகளோடு தொடர்புள்ள பி.எஃப்.ஓ.ஏ. என்ற ஃப்ளோரின் ரசாயனம் 2019-இல், எளிதில் சிதையாத நச்சுகளுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப்பட்டியலில் சேர்ந்துவிட்டது. ஃப்ளோரின் இல்லாத மருந்தா என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆர்டர் போடும் முறை முக்கியம். கைப்பிடி மாதிரியைப் பார்த்து நேராக ரோல் வாங்காதீர்கள். முதலில் ஏ4 துண்டில் மேற்சொன்ன சோதனைகள். அடுத்து பத்து மீட்டர் வாங்கி ஒரு முழுப்பை தைத்து, இருபது கிலோ போட்டுத் தொங்கவிட்டு, நனைத்துக் காயவைத்துப் பாருங்கள். பிறகு ஒப்புக்கொண்ட மாதிரியை இரண்டாக வெட்டி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் தாளில் நூல் வகை, பாவு ஊடை டெனியர், பூச்சுக்கு முன்னும் பின்னும் ஜிஎஸ்எம், பூச்சின் வேதிவகை, நீரழுத்தம், தேய்ப்பு நிலைப்பு (தேய்த்தால் சாயம் எவ்வளவு நிற்கிறது என்பது), அகலம் இவ்வளவும் எண்ணாக இருக்க வேண்டும். ‘நல்ல தரம்’ என்று எழுதிய தாளை வைத்துக்கொண்டு யாரிடமும் வாதாட முடியாது. கிழிதல், இழுவை, உராய்வு எண்களைக் கோயம்புத்தூரிலுள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா போன்ற ஆய்வகத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

இறக்குமதி செய்கிறவர்கள் சுங்கத் தலைப்பையும் பாருங்கள். பி.யூ. பூசிய துணி 5903 20-இல் வரும். ஆனால் பூச்சு வெறும் கண்ணுக்குத் தெரிந்தால்தான். நிறம் மட்டும் மாறியிருப்பது கணக்கில்லை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சென்றால் சாதாரண நைலான் துணியாக 5407-க்குப் போகும். தவறான தலைப்பில் பில் போட்டால் சரக்கு துறைமுகத்தில் நிற்கும்.

ரோல் வந்ததும் அச்சுப்பக்கம் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். உருமறைப்பு அச்சு நெசவுப் பிழையையும் நன்றாகவே மறைக்கும். துணியைத் திருப்பிப் பூச்சுப்பக்கம் தெரிய, பின்னால் குழல்விளக்கு வைத்து ஓடவிடுங்கள். ஊசிமுனை ஓட்டைகளும் பூச்சு விடுபட்ட கீற்றுகளும் நட்சத்திரம்போல் மின்னும். அகலத்தை மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். ஊடை வில்லாக வளைந்திருக்கிறதா பாருங்கள். ஒரு பையின் எல்லாப் பாகத்தையும் ஒரே ரோலில் வெட்டுங்கள்; அடுத்த லாட்டில் பச்சை கொஞ்சம் மஞ்சளடித்திருக்கும், மடிப்பருகே அது அப்பட்டமாகத் தெரியும்.

தையலில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். சூட்டுக்கத்தியால் வெட்டினால் ஓரம் பிசிறாது. ஓரத்தில் 12 மி.மீ.க்குக் குறையாமல் விடுங்கள், இல்லாவிட்டால் தையல் பிடித்தாலும் இழை நழுவும். 1000 டெனியருக்கு 18 எண் ஊசி, பாண்டட் (புரி பிரியாமல் பசையால் பிணைத்த) நைலான் நூல், அங்குலத்துக்கு 7 முதல் 9 தையல். அதற்குமேல் நெருக்கினால் அஞ்சல்தலை ஓரம்போல் துளைவரிசையிலேயே கிழியும். பிழையாகத் தைத்ததைப் பிரித்தால் துளை மூடாது என்பதால் குண்டூசிக்குப் பதில் கிளிப் போடுங்கள்.

மிச்சத் துணியை மடித்து அடுக்கக் கூடாது. மடிப்பில் பூச்சு வெடித்து வெள்ளைக்கோடு விழும்; அங்கிருந்துதான் ஒழுகும். ரோலாகவே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சுவரை ஒட்டாமல் படுக்கவையுங்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே வேண்டாம். அங்கே மேமாதச் சூடும் ஐப்பசி ஈரமும் சேர்ந்து, ஜாடியில் நாம் செய்த சோதனையை மெதுவாகச் செய்துகொண்டிருக்கும். ரோல் வந்த தேதியை அட்டைக்குழாயின் உள்விளிம்பில் மார்க்கரால் எழுதிவிடுங்கள். அடுத்த ரோலைப் பிரிப்பதற்கு முன் இந்தத் தேதியைப் பாருங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால் நுனியில் ஒரு துண்டு வெட்டி, பூச்சைப் பூச்சோடு மடித்து எடைக்கல்லை வைத்துவிட்டு, மறுநாள் காலையில் வெட்டு மேசைக்கு எடுத்துச் செல்லுங்கள்.